கல்லுப்பும் கழுத்துக் கழலையும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம்மவர் பழமொழி. கொல்கத்தாவில் குடியேறி மூன்று தலைமுறை கண்ட தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றில் பிள்ளைகளின் நாவிலே வங்கமொழி தடையின்றிப் புரள்கிறது. கடுகெண்ணெயின் மணமும் பழகிவிட்டது. ஆயினும் சமையற்கட்டில் ஒரு பொருள் மட்டும் இன்றளவும் ஊர்ப் பொருளாகவே இருந்து வருகிறது. அதுவே கல்லுப்பு. விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும்போது அப்பளம், வடகம், சுண்டைக்காய் வற்றல் ஆகியவற்றோடு தூத்துக்குடிக் கல்லுப்பு ஒரு பையும் வண்டியேறிவிடுகிறது. அதற்கு வாய்ப்பில்லாதவர்க்கு லேக் மார்க்கெட்டுத் தென்னிந்தியக் கடைகள் இருக்கவே இருக்கின்றன. பொடியுப்பில் மாவடு ஊறாது, ரசம் ரசமாக இராது என்பது நம் தாய்மாரின் தீர்ப்பு. அத்தீர்ப்பின்மேல் முறையீடு செய்ய இதுகாறும் யாரும் துணிந்ததில்லை.

இக்கட்டுரை அந்தக் கல்லுப்புச் சாடியை முன்னிட்டே எழுந்தது. உப்பிலே அயோடின் என்னும் பொருள் வந்து சேர்ந்த வரலாறு எத்தகையது, அவ்வரலாற்றில் இந்நகருக்கும் நம் தமிழ்க் கரைக்கும் உள்ள பங்கு யாது என்பவற்றை இவ்வாண்டு மலரின் வாயிலாக அன்பர்களுடன் எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

உப்போடு தமிழர் கொண்ட உறவு மிகத் தொன்மையானது. நெய்தல் நிலத்துப் பரதவர் விளைவித்த உப்பை உமணர் என்னும் வணிகர் எருது பூட்டிய வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, மனைவி மக்களுடன் காடும் மேடும் கடந்து சென்று, உள்நாட்டில் நெல்லுக்கு மாற்றி வந்த செய்தியைச் சங்கத்துச் சான்றோர் பலர் பாடி வைத்துள்ளனர். உமணர் சென்ற எல்லைக்கு அப்பால் நம் உப்பு எங்கெங்குச் சென்றது என்று தேடினால், அத்தேட்டம் நம்மை நேரே கங்கைக் கரைக்கே கொண்டுவந்து விடுகிறது.

வங்கத்துக்கும் கடற்கரை உண்டு. ஆனால் அக்கடற்கரை நம் கடற்கரை போன்றதன்று. கங்கையும் அதன் கிளைகளும் கொண்டுவந்து கொட்டும் நன்னீரால் அங்கே கடல்நீரின் செறிவு குறைகிறது. காற்றோ ஆண்டின் பெரும்பகுதியில் ஈரம் மிக்கது. ஆகவே பாத்தி கட்டி வெயிலிலே உப்பு விளைவித்தல் அங்கு எளிதாக இல்லை. ஹிஜ்லி, தம்லுக் முதலிய கரையோரப் பகுதிகளில் மலங்கிகள் எனப்பட்ட தொழிலாளர் உவர்மண்ணைக் கரைத்து வடித்து, அந்நீரை விறகிட்டுக் காய்ச்சி உப்பெடுத்தனர். அவ்வுப்பு மாவைப் போல நொய்ம்மையும் வெண்மையும் உடையதாக இருந்தது. அதனைப் 'பங்கா' என்றும், வெயிலில் விளைந்த உப்பைக் 'கர்கச்' என்றும் அக்கால வணிகர் வழங்கினர். 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் இவ்வுப்புத் தொழில் முழுவதையும் கம்பெனியின் பிடிக்குள் கொணர்ந்தார். 1788 முதல் கல்கத்தாவில் உப்பு பொது ஏலத்தில் விற்கப்பட்டது. ஹூக்ளியின் அக்கரையில், சல்கியாவில், கம்பெனியின் உப்புக் கிடங்குகள் எழுந்தன.

அக்கிடங்குகளை நோக்கித்தான் நம் கரை உப்பும் வந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து மரக்காயர் முதலிய வணிகரின் தோணிகள் உப்பேற்றி வந்து, திரும்பும்போது வங்கத்து அரிசியை ஏற்றிச் சென்றன. உப்பு கொடுத்து நெல் கொண்ட உமணரின் பழைய கணக்கு இங்கே கடல்வழியே நடந்தது எனலாம். வங்கத்து மக்களுக்கோ வெண்மையான காய்ச்சிய உப்பே பிடித்தமானது. பழுப்பேறிய கர்கச் உப்பு அவர்கள் பார்வையில் ஒரு படி தாழ்ந்ததே. நம் வீட்டில் பொடியுப்பு என்றால் முகம் சுளிப்பதும், பக்கத்து வீட்டு வங்காளியர் கல்லுப்பைக் கண்டால் புன்முறுவல் பூப்பதும் இன்று நேற்று வந்தவை அல்ல.

பின்னர் இங்கிலாந்தின் செஷயர் மாநிலத்து உப்பு லிவர்பூல் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகக் கல்கத்தாவில் வந்து இறங்கலாயிற்று. சரக்கின்றி வரும் கப்பல்களுக்குப் பாரம் வேண்டியிருந்தது, அப்பாரமே வாணிகமாயிற்று. மலங்கிகளின் அடுப்புகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. 1863-ஆம் ஆண்டளவில் வங்கத்தில் அரசாங்கத்தின் உப்புக் காய்ச்சும் தொழில் அடியோடு நின்றது. கடலோர மாநிலமொன்று கடல்கடந்த உப்பை உண்டு வாழ்ந்தது. 1930-இல் இராஜாஜி வேதாரண்யத்தில் உப்பள்ளிய அதே காலத்தில், இந்நகரின் எல்லையில் மகிஷ்பாதானிலும் மேதினிபுரத்துக் காந்தியிலும் வங்கத்துத் தொண்டர்கள் உப்புக் காய்ச்சினார்கள் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மறு ஆண்டு, 1931-இல், அயல்நாட்டு உப்பின்மீது மிகைவரி விதிக்கப்பட்டது. தூத்துக்குடி உப்புக்கும் குஜராத்து உப்புக்கும் கல்கத்தாச் சந்தையில் இடம் விரிந்தது.

இங்ஙனம் உப்புக்காக இத்தனை சட்டமும் வழக்கும் நடந்த நாட்டில், உப்பு நிறைய உண்டும் உப்பினால் தீர்க்கவேண்டிய ஒரு நோய் தீராமலே கிடந்தது. அந்நோயின் பெயர் கழுத்துக் கழலை. முன்கழுத்தில் கேடய வடிவில் உள்ள தைராய்டுச் சுரப்பி வீங்கி, சிலர்க்கு எலுமிச்சம்பழ அளவிலும் சிலர்க்குத் தேங்காய் அளவிலும் தொங்கும். சுசுருதர் இதனைக் கலகண்டம் என்று குறித்தார். வங்காளியர் இன்றும் அச்சொல்லாலேயே அழைக்கின்றனர். காச்மீரம் தொடங்கி நாகர் மலை வரையில் இமயத்தின் அடிவாரம் நெடுகிலும் இந்நோய் பரவியிருந்தது. நம் வங்கத்தில் டார்ஜிலிங், ஜல்பாய்குரி, கூச்பிகார் ஆகிய வடமாவட்டங்கள் இவ்வட்டத்தில் அடங்கும். ஆங்குத் தேயிலைத் தோட்டங்களில் கழலையுடைய பெண்களைக் காண்பது ஒரு காலத்தில் அரிய காட்சியன்று.

காரணம் யாது? நீர்தான் காரணம் என்பது பழைய முடிவு. வங்கப் படையின் மருத்துவராக இருந்த ஜான் மக்ளீலண்டு குமாயூன் மலைப்பகுதியில் ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து, சுண்ணாம்புப் பாறை நீரைக் குடிக்கும் ஊர்களில் கழலை மிகுந்தும், ஏனைய பாறை நீரைக் குடிக்கும் ஊர்களில் குறைந்தும் இருப்பதாகக் கண்டார். அவருடைய நூல் 1835-இல் இந்தக் கல்கத்தா நகரத்தில்தான், பாப்டிஸ்டு மிஷன் அச்சகத்தில் அச்சாயிற்று. நோயை ஊர்வாரியாக எண்ணிக் கணக்கெடுத்த பழம்பெரும் முயற்சிகளில் அது ஒன்று. முடிவு தவறாயிருக்கலாம், ஆனால் மண்ணுக்கும் கழுத்துக்கும் தொடர்பு உண்டு என்ற அளவில் அவர் வழி தவறவில்லை.

மக்ளீலண்டு நூலெழுதுவதற்கு முன்பே அம்மருந்து ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. கண்டுபிடித்த கதையில் வங்கத்துக்கும் ஒரு மறைமுகத் தொடர்பு உண்டு. நெப்போலியன் போர்க்காலத்தில் வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்புக்கு உலகின் தலைசிறந்த விளைநிலம் பீகாரும் வங்கமுமே. அவ்வுப்பு இங்கிருந்து ஆங்கிலக் கப்பல்களிலேயே சென்றது, பிரெஞ்சுக்காரர்க்குக் கிட்டவில்லை. ஆகவே அவர்கள் தங்கள் நாட்டிலேயே அதனைச் செய்ய முற்பட்டனர். அத்தொழிலில் இருந்த பெர்னார் கூர்த்துவா என்பவர் கடற்பாசிச் சாம்பலைக் கையாண்டபோது, 1811-இல், கலத்திலிருந்து ஊதா நிற ஆவி எழக் கண்டார். அதுவே அயோடின். வெடியுப்பைத் தேடிப் போனவர் கையில் கறியுப்புக்கு வேண்டிய மருந்து அகப்பட்டது. 1820-இல் ஜெனிவா நகரத்து மருத்துவர் குவாந்தே அதனைக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார். 1830-களில் பூசிங்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர், தென்னமெரிக்க மலைநாட்டில் அயோடின் கலந்த இயற்கை உப்பை உண்போர்க்குக் கழலை இல்லாமை கண்டு, அத்தகைய உப்பையே யாவர்க்கும் வழங்கலாமே என்றார். அவர் சொல் ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஏட்டிலேயே கிடந்தது. 1922-இல் சுவிட்சர்லாந்தின் அப்பென்செல் பகுதியிலும், 1924-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலும்தான் அயோடின் சேர்த்த உப்பு வீடுகளுக்குள் நுழைந்தது.

உப்பை ஏன் தேர்ந்தனர் என்று கேட்கலாம். அரசனும் ஆண்டியும் உண்பது உப்பு. நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவாக உண்பது உப்பு. நெல்லைப் போல ஊர்தோறும் விளையாமல் சில இடங்களிலேயே விளைவதும் உப்பு. ஆதலின் விளையுமிடத்திலேயே ஒரு துளி மருந்தைச் சேர்த்துவிட்டால் அது வீடுதோறும் தானே சென்று சேரும். மருந்தின் அளவோ மிகமிகச் சிறிது. வளர்ந்த ஒருவர்க்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். கருவுற்ற தாய்மார்க்கு 250. எழுபதாண்டு வாழும் ஒருவர் தம் ஆயுள் முழுவதும் உட்கொள்ளவேண்டிய அயோடின் அனைத்தையும் ஒன்றாகத் திரட்டினாலும் 4 கிராம் தேறாது. ஆனால் அதனை ஒரேநாளில் உண்டுவிட்டு இருக்க முடியாது. நாள்தோறும் சிறிது சிறிதாக வேண்டும். மலைநாட்டில் மழையும் உருகும் பனியும் மேல்மண்ணிலுள்ள அயோடினை அரித்துக்கொண்டு போய்விடுகின்றன. வெள்ளம் மாறி மாறிப் பாயும் சமவெளியிலும் அதே கதைதான். மண்ணில் இல்லாதது பயிரில் இல்லை. பயிரில் இல்லாதது ஆட்டின் பாலிலும் இல்லை, தாயின் பாலிலும் இல்லை.

இனி நம் தமிழ்மலைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராபர்ட்டு மக்காரிசன் என்னும் மருத்துவர் வடமேற்கே கில்கித்தில் இந்நோயை ஆராய்ந்தார். ஒரே வாய்க்காலில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த சிற்றூர்களில், கீழே செல்லச் செல்லக் கழலை மிகுவதைக் கண்டு, மாசுபட்ட நீரே காரணம் என்று கருதினார். அம்மாசினைத் தாமே குடித்துப் பார்த்துத் தம் கழுத்து வீங்கக் கண்டார் என்றால் அவருடைய துணிவை என்னென்பது! அவர் முடிவு முற்றும் சரியன்று. இம்மக்காரிசனே பின்னர் நீலகிரிக் குன்னூரில் அமைத்த ஆய்வுக்கூடம் இந்தியாவின் உணவாராய்ச்சிக்குத் தாய்வீடாயிற்று. 1950-களின் இறுதியில் ஐதராபாத்துக்குச் சென்று இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்குவது அதுவே. அக்குன்னூர்க் கூடத்தில் விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பணியாற்றியவர்களுள் ஸ்ரீகாகுளத்தில் 1921-இல் பிறந்த வி. இராமலிங்கசுவாமி ஒருவர். இந்திய நாட்டில் அயோடின் உப்பின் வரலாறு உண்மையில் இவரிடமிருந்தே தொடங்குகிறது என்பது நம் கருத்து.

1956-ஆம் ஆண்டு, இடம், அன்று பஞ்சாபிலும் இன்று இமாசலப் பிரதேசத்திலும் உள்ள காங்க்ரா பள்ளத்தாக்கு. இராமலிங்கசுவாமியும் அவருடன் உழைத்தோரும் ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வாழும் பகுதியை மூன்று வட்டங்களாகப் பிரித்தனர். முதல் வட்டத்துக்குப் பொட்டாசியம் அயோடைடு சேர்த்த உப்பு. மூன்றாம் வட்டத்துக்குப் பொட்டாசியம் அயோடேட்டு சேர்த்த உப்பு. நடு வட்டத்துக்கு ஒன்றும் சேராத வெறும் உப்பு. தொடக்கத்தில் மூன்று வட்டங்களிலும் நூற்றுக்கு 38 பேர் அளவில் கழலை இருந்தது. ஆறாண்டுகள் சென்றன. 1962-இல் மீண்டும் கழுத்துகளைத் தடவி எண்ணினார்கள். முதல் வட்டத்தில் நூற்றுக்கு 19. மூன்றாம் வட்டத்தில் 15. வெறும் உப்பு உண்ட நடு வட்டத்தில் 40.

இவ்வெண்களை எண்ணும்தோறும் நடு வட்டத்து மக்களே நம் நினைவுக்கு வருகின்றனர். ஒப்பீட்டுக்காக ஆறாண்டுக் காலம் வெறும் உப்பை உண்டவர்கள் அவர்கள். அவர்களுடைய கழுத்துகள் அவ்வாறே இருந்ததனாலன்றோ ஏனைய நாட்டுக்கு மெய் புலப்பட்டது! 1962-க்குப் பின் அவர்களுக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. அங்கும் நோய் தணிந்தது. மற்றொரு பயனும் இவ்வாய்வால் விளைந்தது. குளிர்நாடுகளில் வழங்கிய அயோடைடு நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் உப்பினின்று கழிந்து போகும் இயல்புடையது. அயோடேட்டு அங்ஙனமன்று, நிலைத்து நிற்கும். சாக்குமூட்டையில் கட்டி, மழையில் நனைந்து, சரக்கு வண்டியில் மாதக் கணக்கில் கிடக்கும் நம் நாட்டு உப்புக்கு ஏற்ற மருந்து அயோடேட்டே என்பது துணிபாயிற்று.

அதே 1962-இல் மத்திய அரசு தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. யூனிசெப் நிறுவனத்தின் உதவியால் இராசபுத்தானத்துச் சாம்பர் ஏரியிலும், குஜராத்தின் காராகோடாவிலும், நம் கல்கத்தாவிலும் உப்பில் அயோடின் தெளிக்கும் ஆலைகள் அமைந்தன. கடல்வழி வந்திறங்கும் உப்பைப் பக்குவம் செய்து வடக்கேயும் கிழக்கேயும் உள்ள மலைநாடுகளுக்கு அனுப்பக் கல்கத்தாவே வாயில். பண்டு சல்கியாக் கிடங்கிலிருந்து உப்பு சென்ற திசையிலேயே இப்போது மருந்தும் சென்றது.

ஆனால் தொடங்கிய வேகம் நீடிக்கவில்லை. திட்டம் மலையடிவாரத்துச் சில மாவட்டங்களுக்கென்றே வகுக்கப்பட்டது. ஆலைகளின் உற்பத்தியோ தேவையில் ஒரு சிறு பகுதிக்கே போதியதாக இருந்தது. பக்கத்து மாவட்டத்திலிருந்து மலிவான வெறும் உப்பு தடையின்றி வந்து குவிந்தது. இருபது ஆண்டுகள் இவ்வாறே உருண்டன. கழலை என்பது கழுத்தின் அழகைக் கெடுக்கும் நோய், உயிரை வாங்கும் நோயன்று என்ற எண்ணமே இத்தாமதத்துக்கு அடிப்படை என்று கருதுகின்றோம்.

அவ்வெண்ணம் எத்துணைப் பெரிய பிழை என்பது பிறகு தெளிந்தது. தைராய்டுச் சுரப்பி அயோடினைக் கொண்டு செய்யும் சாறே கருவிலுள்ள குழவியின் மூளையை வளர்க்கிறது. கருவின் முதல் மாதங்களில் குழவிக்குத் தனக்கென்று அச்சாறு சுரக்காது, தாயிடமிருந்தே வரவேண்டும். தாய்க்கு அயோடின் குன்றினால் குழவி இறந்து பிறக்கலாம். செவிடாகவோ ஊமையாகவோ பிறக்கலாம். அறிவு மழுங்கிப் பிறக்கலாம். இவை அனைத்தினும் கொடியது, வெளிக்கு ஒரு குறையும் தோன்றாமல், பள்ளியில் மட்டும் பாடம் ஏறாத பிள்ளையாக வளர்வது. 'இவன் மந்தம்' என்று ஆசிரியர் சொல்லுவார். 'தலையெழுத்து' என்று தாய் சொல்லுவாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பிறந்தபின் கொடுக்கும் அயோடின், கருவிலே இழந்ததைத் திருப்பித் தராது.

இவ்வுண்மை வலுப்பெற்ற பின்பே, 1983-ஐ ஒட்டி, நாடு முழுவதற்கும் உண்ணும் உப்பனைத்திலும் அயோடின் சேர்ப்பதென்று அரசு முடிவு செய்தது. தனியார் ஆலைகளுக்கும் இசைவளிக்கப்பட்டது. 1992-இல் திட்டத்தின் பெயரும் அயோடின் குறைபாட்டு நோய்த் தடுப்புத் திட்டம் என்று விரிந்தது. உப்பு விளையுமிடத்தில் பத்து இலட்சத்தில் 30 பங்கும், வீடு சேரும்போது 15 பங்குக்குக் குறையாமலும் அயோடின் இருத்தல்வேண்டும் என்பது விதி. ஒருவர் நாளொன்றுக்கு 10 கிராம் உப்பு உண்டால் 15 பங்கின்படி 150 மைக்ரோகிராம் சேர்ந்துவிடும்; கணக்கு அவ்வளவே. அயோடின் சேராத உப்பை உணவுக்கு விற்கக்கூடாதென்ற தடை 1998-இல் நாடளாவிய அளவில் நடைமுறைக்கு வந்தது, 2000-இல் நீக்கப்பட்டது, 2006 மே மாதத்தில் மறுபடியும் வந்தது. 2011-இல் அவ்விதி உச்சநீதிமன்றத்தில் செல்லாததெனத் தீர்ப்பாயினும், அதே ஆண்டில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எழுந்த புதிய ஒழுங்குமுறைகளால் தடை தொடர்ந்தது.

தடையை எதிர்த்தோர் அனைவரும் அறியாதார் என்று சொல்லிவிட முடியாது. பத்து ஏக்கர் அளத்தை வைத்துக்கொண்டு வெயிலில் காயும் சிறு உப்பளத்தார்க்கு அயோடேட்டு வாங்கவும் இயந்திரம் வாங்கவும் பணமேது? பெரிய ஆலைகளின் பொட்டலங்களுக்கே இது வழிவிடும் என்று அவர்கள் அஞ்சியது வீணச்சமன்று. உப்புக்காகச் சிறை சென்ற நாட்டில் உப்பைச் சட்டத்தால் கட்டுவதா என்று காந்தியன்பர் சிலர் வருந்தியதும் உண்மை. அவ்வருத்தத்தை மதிக்கின்றோம். ஆயினும் பிறவாத குழவியின் மூளை ஒருபுறமும் விலையேற்றம் ஒருபுறமும் வைத்துத் தூக்கினால் தட்டு எப்பக்கம் சாயும் என்பதில் நமக்கு ஐயமில்லை. சிறு அளத்தார்க்கு உதவி செய்து சேர்ப்பிக்க வேண்டுமேயன்றி, சேர்க்காமலே விடுவது வழியாகாது. தமிழ்நாட்டு உப்புத் தொழிற் குடும்பத்திற் பிறந்த வெங்கடேஷ் மன்னார் உப்பில் அயோடின் சேர்க்கும் நெறிகளைப் பற்றி ஜான் டன் என்பாருடன் 1995-இல் வெளியிட்ட நூல் பல நாடுகளில் கையேடாகப் பயன்பட்டது என்பதையும், வாலிநோக்கத்தில் அளம் நடத்தும் தமிழ்நாட்டு உப்புக் கழகம் 2014-இல் அயோடினோடு இரும்புச் சத்தும் சேர்த்த உப்பை மலிவு விலையில் வெளியிட்டது என்பதையும் இங்குச் சொல்லி வைக்கலாம்.

இத்துணையும் மலைநாட்டார் கதையன்றோ, கடலருகே பிறந்த நமக்கென்ன என்று எண்ணுவோர் பலர். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். கடல்நீரில் அயோடின் உண்டு. ஆதலால் கடலுப்பில் அது நிறைய இருக்கும் என்பது பார்வைக்கு நியாயமாகவே தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை வேறு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு; அயோடினோ 60 மைக்ரோகிராம் அளவே. முழுவதும் உப்போடு ஒட்டியிருந்தாலும் கிராமுக்கு இரண்டு மைக்ரோகிராம் தேறாது. அதிலும் பெரும்பகுதி ஆவியாகவும், உப்பு வாரியபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரோடும் போய்விடுகிறது. வேண்டுவது 15, இருப்பது ஒன்றிரண்டு. தூத்துக்குடிக் கல்லுப்பு எவ்வளவு வெள்ளையாயினும், எவ்வளவு பெரிய கல்லாயினும் இக்கணக்கு மாறாது.

சான்று தொலைவில் இல்லை. நம் நகருக்குத் தெற்கே, கடலலை காலைக் கழுவும் சுந்தரவனத் தீவுகளில், கல்கத்தாப் பல்கலைக்கழக உடலியல் துறையினர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது, அங்கும் கழலை பரவியிருக்கக் கண்டனர். கடலருகே வாழ்வது காப்பாகாது என்பதற்கு இதனினும் நெருங்கிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

நம் தாய்நாட்டின் நிலை என்ன? 2005-06 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், போதிய அயோடினுள்ள உப்பை வழங்கிய வீடுகள் இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 51, தமிழ்நாட்டில் 41. 2018-19-இல் நடந்த நாடளாவிய அயோடின் ஆய்வில் இந்தியாவின் அளவு 76.3-க்கு உயர்ந்தது. தமிழ்நாடும் உயர்ந்தது, ஆனால் 61.9 என்ற அளவில் எல்லா மாநிலங்களிலும் கடைசியாக நின்றது. காச்மீரத்து வீடுகளில் ஏறக்குறைய அனைத்திலும் அயோடின் உப்பு இருக்க, குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவிக்கும் தமிழகத்தில் பத்து வீட்டில் நான்கு வீட்டின் உப்பு போதாத உப்பு! உப்பு அருகிலேயே விளைவதே இதற்குக் காரணம். காச்மீரத்துக்கு உப்பு ஆலை வழியாகவே போயாக வேண்டும். நம் ஊர்களுக்கோ அளத்திலிருந்து மூட்டையாக வண்டியில் நேரே வந்துவிடுகிறது. இரண்டாவது காரணம் நம் கல்லுப்புப் பற்று.

கல்லுப்பிலும் அயோடின் சேர்க்க முடியும். சேர்த்து விற்பதும் உண்டு. ஆனால் தெளிக்கும் மருந்து பெருங்கல்லின் மேற்பரப்பிலேயே தங்குகிறது. ஈரம் பட்டால் அடிமூட்டைக்கு வடிந்துவிடும். தூசு போகவென்று நம் வீடுகளில் கல்லுப்பை அலசியோ கரைத்துத் தெளியவைத்தோ எடுக்கும் வழக்கம் வேறு இருக்கிறது. அலசும்போது முதலில் போவது அயோடின்தான். அடுப்பருகே வாய் திறந்த மரவையிலோ சாடியிலோ ஆண்டுக்கணக்கில் உப்பை வைத்திருப்பதும் அவ்வாறே கேடு செய்வது.

சென்ற ஆண்டு நம் இல்லத்தில் ஒரு சோதனை செய்தோம். உப்பில் அயோடின் உண்டா என்று பார்க்கச் சிறு புட்டியொன்று உண்டு. சென்னையில் செய்து, யூனிசெப் வழியாகப் பல நாடுகளுக்கும் சென்ற பொருள் அது. உள்ளே இருப்பது கஞ்சிப்பசை கலந்த நீர். ஒரு சிட்டிகை உப்பின்மேல் ஒரு துளி விட்டால், அயோடேட்டு இருக்குமாயின் நீல ஊதா நிறம் தோன்றும். இல்லையாயின் வெள்ளையாகவே நிற்கும். கூர்த்துவாவின் கலத்தில் எழுந்த ஊதாவின் உறவுநிறம் அது. வீட்டுப் பெரியவரான அத்தை, ஊரிலிருந்து தாமே கொண்டுவந்த கல்லுப்பைப் பெருமையுடன் முதலில் வைத்தார். துளி விழுந்தது. நிறம் மாறவில்லை. புட்டி பழுதாயிருக்கும் என்றார் அத்தை. பக்கத்து வீட்டு வங்காள அம்மையாரிடம் ஒரு சிட்டிகைப் பொட்டல உப்பு வாங்கி வந்து அதன்மேல் ஒரு துளி விட்டோம். கத்தரிப்பூ நிறம் படர்ந்தது.

அத்தை சிறிதுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 'உண்டாயிருக்கிற பெண்ணுக்கு இந்தச் சாடி உப்பையா இத்தனை மாதமாகப் போட்டேன்' என்று கேட்டார். அவர் பேத்தி அப்போது ஐந்தாம் மாதம். மருத்துவர் குருதிச் சோதனை செய்து, தைராய்டில் குறையொன்றுமில்லை என்று கூறியபின்தான் அவருக்கு உறக்கம் வந்தது. குழந்தை இப்போது நலமாகத் தவழ்கிறது. மூடியிட்ட டப்பாவில் அயோடின் குறியுள்ள உப்பு சமையலுக்கு என்றும், பழைய சாடியிலுள்ள கல்லுப்பு மாவடுவுக்கும் நார்த்தங்காய்க்கும் மட்டும் என்றும் அத்தையே பிரித்து வைத்துவிட்டார். பொடியுப்பில் ரசம் ரசமாக இல்லை என்ற குறை மட்டும் இன்னும் தீரவில்லை. அயோடின் சேர்த்த கல்லுப்பு லேக் மார்க்கெட்டில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம். பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு.